பாட்டியின் அஞ்சறைப் பெட்டியும் சிங்கப்பூர்ப் பயணமும்

குடும்பத்தோடு வெளிநாடு புறப்படுகிறவர்கள் இரண்டு பெட்டிகள் தயார் செய்தாக வேண்டும். ஒன்று துணிப் பெட்டி. மற்றொன்று மருந்துப் பெட்டி. துணிப் பெட்டியைப் பற்றிக் கணவனுக்கும் மனைவிக்கும் தகராறு வரும். அது சீக்கிரம் தீர்ந்துவிடும். மருந்துப் பெட்டியைப் பற்றி மாமியாருக்கும் மருமகளுக்கும் வருகிற தகராறு இருக்கிறதே, அது விமானம் ஏறுகிற வரையில் ஓயாது!

மே மாதக் கடைசியில் பத்து நாள் சிங்கப்பூர் போய் வருவதென்று நாங்கள் ஐந்து பேர் கிளம்பினோம். நான், என் மனைவி, பன்னிரண்டு வயது மகள், ஏழு வயது மகன், எழுபத்திரண்டு வயதான என் தாயார். மனைவியின் கட்சி மாத்திரைக் கட்சி. தாயாருடையது கஷாயக் கட்சி. ஆகவே எங்கள் மருந்துப் பெட்டியில் ஒரு பாதி இங்கிலீஷ் மருந்து. மறு பாதியில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், சித்தரத்தை, அதிமதுரம், லவங்கம், விரலி மஞ்சள், பனங்கற்கண்டு. இவற்றுக்கென்று அம்மா தன் பழைய பித்தளை அஞ்சறைப் பெட்டியையே தூக்கிக் கொண்டு வந்துவிட்டாள்.

சிங்கப்பூரில் பார்க்கத் தகுந்த இடங்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இந்த அஞ்சறைப் பெட்டி எங்களை எங்கெங்கே அழைத்துச் சென்றது, எந்த இடத்தில் அது தன் மூடியைத் தானே மூடிக் கொண்டது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கசகசாவுக்கு அனுமதி இல்லை

முதல் சோதனை சென்னையிலேயே வந்தது. அஞ்சறைப் பெட்டியின் ஓர் அறையில் கசகசா இருந்தது. வயிற்றுப் போக்குக்குக் கசகசாவை வறுத்து அரைத்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆனால், சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள்!

காரணம் இதுதான். கசகசா என்பது அபினிச் செடியின் விதை. விதைக்குப் போதை கிடையாது என்றாலும், காயிலுள்ள பாலின் சத்து அதன் மேல் சிறிதளவு ஒட்டியிருக்கக் கூடும். போதைப் பொருள் விஷயத்தில் சிங்கப்பூர் அரசாங்கம் எள்ளளவும் விட்டுக் கொடுப்பதில்லை. கசகசா விஷயத்திலும் அப்படியே.

"குருமாவில அரைச்சு ஊத்துற கசகசாவுக்கா இந்தப் பாடு!" என்று சொல்லிக் கொண்டே அம்மா அந்த அறையைத் தட்டிச் சுத்தமாகத் துடைத்து, அங்கே கொஞ்சம் கொத்துமல்லி விதையைப் போட்டுக் கொண்டாள்.

மாத்திரைக் கட்சிக்கும் சட்டம் உண்டு. சிலவகைத் தூக்க மாத்திரைகளையும், கடுமையான வலி மாத்திரைகளையும் கொண்டு போவதானால் முன்கூட்டி அனுமதி பெற வேண்டும். தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரின் சீட்டையும் கையோடு வைத்துக் கொள்வது நல்லது. அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஆகாயத்தில் ஒரு துண்டு இஞ்சி மரப்பா

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் சுமார் நாலு மணி நேரப் பிரயாணம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. நடு இரவில் ஏறினால் இறங்கும்போது பளபளவென்று விடிந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு விமானத்தில் இரண்டு தொல்லைகள். ஒன்று குமட்டல், மற்றொன்று காது வலி. குமட்டலுக்கு அம்மா ஆளுக்கு ஒரு துண்டு இஞ்சி மரப்பா கொடுத்தாள். குமட்டலை அடக்குகிற குணம் இஞ்சிக்கு ஓரளவு உண்டென்று ஆராய்ச்சிக்காரர்களும் ஒப்புக் கொள்கிறார்கள். காது வலிக்குக் காரணம் வேறு. விமானம் கீழே இறங்கும்போது வெளிக் காற்றின் அழுத்தம் கூடுகிறது. காதுக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள மெல்லிய குழாய் திறந்தால்தான் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகும். எச்சிலை விழுங்கும்போதெல்லாம் அந்தக் குழாய் திறக்கிறது. ஆகையால் வாயில் ஏதாவது போட்டுச் சப்பிக் கொண்டிருந்தால் போதும். கைக்குழந்தையானால் இறங்கும் சமயம் பால் கொடுக்கலாம். ஆக, ஒரே இஞ்சி மரப்பா இரண்டு வேலையையும் பார்த்துவிட்டது!

சிராங்கூன் ரோடு

எங்கள் ஹோட்டல் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சின்ன வீதியில் இருந்தது. அம்மா டாக்ஸியை விட்டு இறங்கினாள். நாலு பக்கமும் பார்த்தாள். ஒரு பக்கம் பூக்கடையில் கதம்பம் தொடுத்துக் கொண்டிருந்தார்கள். எதிரே வெற்றிலையும் வாழை இலையும் அடுக்கியிருந்தது. எங்கிருந்தோ சாம்பார் மணம் வந்தது.

"இதுக்கா தம்பி பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்தோம்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயந்தான். சிங்கப்பூரின் நான்கு ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்று. ரயில் நிலையப் பலகைகளில் தமிழ் இருக்கிறது. பக்கத்தில் வீரமா காளியம்மன் கோவில்; இன்னும் சற்றுத் தூரம் நடந்தால் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவில். 1947-ம் ஆண்டிலிருந்து நடந்து வருகிற கோமள விலாஸ் சாப்பாட்டுக் கடையும் இந்த ரோட்டில்தான்.

தேக்கா சந்தைக்குள் நுழைந்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற சரக்கில் முக்கால்வாசி அந்த வட்டாரத்துக் கடைகளில் இருக்கிறது. நூறு, நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் கப்பலேறி வந்த நம்மவர்கள் கொண்டு வந்தது மூட்டை முடிச்சு மட்டும் அல்ல; வயிற்று வலிக்கு ஓமம், பல் வலிக்கு லவங்கம், இருமலுக்குச் சித்தரத்தை என்கிற அறிவையும் சேர்த்துத்தான் கொண்டு வந்தார்கள்.

இந்த அறிவில் வெறும் நம்பிக்கை மட்டும் இல்லை. ஓமத்தில் தைமால் என்கிற கிருமி நாசினி இருக்கிறது. லவங்க எண்ணெயிலுள்ள யூஜினால் வலியை மரக்கச் செய்வதால் பல் வைத்தியர்களும் அதை வெகு காலமாக உபயோகித்து வருகிறார்கள். நம் பாட்டிமார்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் எந்த வலிக்கு எந்த டப்பாவைத் திறப்பது என்பது தெரிந்திருந்தது.

சூடும் குளிர்ச்சியும்

மறுநாள் மாலை ஒரு பழக்கடைக்குப் போனோம். டுரியான் பழத்தைத் தெரியுமல்லவா? பலாப் பழத்தின் தம்பி போல் முள் முள்ளாக இருக்கும். அதன் வாசனை ஒரு மைல் தூரம் வீசும் என்று சொல்வார்கள். மிகைதான், ஆனாலும் அதைக் கையில் எடுத்துக் கொண்டு சிங்கப்பூர் ரயிலில் ஏற முடியாது, தடை!

கடைக்காரர் வயதான சீனர். டுரியானை வெட்டிக் கொடுத்துவிட்டு, அதோடு மங்குஸ்தான் பழமும் வாங்கிக் கொள்ளும்படி ஜாடை காட்டினார். வியாபார தந்திரம் என்றுதான் என் மனைவி நினைத்தாள். விஷயம் அதுவல்ல. டுரியான் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி. முன்னதைச் சாப்பிட்டால் பின்னதைச் சாப்பிட்டுச் சமன் செய்ய வேண்டும் என்பது சீனர்களின் கொள்கை. டுரியான் பழங்களின் ராஜா, மங்குஸ்தான் ராணி என்று இங்கே ஒரு பேச்சு வழங்குகிறது.

என் மகள் இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்படிப் போடு! மாம்பழம் தின்னா மேலே பால் குடிக்கச் சொல்றேனே, அப்ப எல்லாரும் சிரிச்சீங்களே!" என்றாள்.

நம் ஊரில் சூட்டைத் தணிக்க மோரும் இளநீரும் வெந்தயமும் என்றால், சீனர்களுக்குச் சாமந்திப் பூத் தேநீரும் பார்லித் தண்ணீரும். குளிர்ச்சி கண்டால் நமக்குச் சுக்குக் காப்பி. அவர்களுக்கு இஞ்சித் தேநீர். உடம்பில் சூடு, குளிர்ச்சி என்று இரண்டு இருப்பதாக இன்றைய மருத்துவ சாஸ்திரம் கூறுவதில்லை. ஆனால் தாகத்துக்கு முன்பே நீர் குடி, கனமாகத் தின்ற பிறகு இலேசாகச் சாப்பிடு, வெயிலில் அலைந்தால் இளைப்பாறு என்கிற புத்திமதிகள் அந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கின்றன. பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரி கூட இல்லாத அந்த ஊரில், வேர்வையில் நனைந்து அலைகிற பிரயாணிகளுக்கு அதைவிடச் சிறந்த புத்திமதி வேறு எது?

பூமலையில் ஒரு மூலிகை வனம்

சிங்கப்பூரின் தாவரவியல் தோட்டத்தை இங்குள்ள பழைய தமிழர்கள் 'பூமலை' என்று அழகாகச் சொல்கிறார்கள். 1859-ல் ஏற்பட்ட தோட்டம் இது. மலாயாவின் தலையெழுத்தையே மாற்றிய ரப்பர் கன்றுகள் 1877-ல் இங்கேதான் வந்து சேர்ந்தன. அந்த ரப்பர் தோட்டங்களில் வேலை செய்யத்தான் நம் ஜில்லாக்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பல் ஏறின. 2015-ல் இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாக ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபை சேர்த்தது.

இதற்குள்ளே 2011-ல் ஒரு மூலிகைத் தோட்டம் திறந்தார்கள். 400-க்கும் மேற்பட்ட மருந்துச் செடிகள். அவற்றை நட்டிருக்கிற முறைதான் விசேஷம். மனித உடம்பின் பாகங்களைப் போல் தோட்டத்தைப் பிரித்திருக்கிறார்கள். தலைக்கான செடிகள் ஒரு பக்கம், சுவாசத்துக்கானவை ஒரு பக்கம், வயிற்றுக்கானவை ஒரு பக்கம்! நடந்து சுற்றி வந்தால் ஓர் ஆளின் உடம்பைச் சுற்றி வந்த மாதிரி.

தோட்டத்தில் ஒரு மலாய் அம்மாளும் எங்களைப் போலவே பேரப் பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவளும் என் தாயாரும் ஆளுக்கொரு பாஷையில் பேசிக் கொண்டார்கள். நடுவில் பிள்ளைகள் இங்கிலீஷில் துபாஷி வேலை பார்த்தார்கள். கொத்துமல்லிக்கு மலாயில் 'கெத்தும்பார்' என்று பெயர். நாம் இருமலுக்குக் கஷாயம் வைக்கிற அரத்தையின் இனத்தை அவர்கள் 'லெங்குவாஸ்' என்று சொல்லிக் குழம்புக்கே அரைத்து விடுகிறார்கள். நிலவேம்புக்கு 'ஹெம்பெடு பூமி' என்கிறார்கள். பூமியின் பித்தம் என்று அர்த்தம். நிலவேம்புக் கஷாயத்தை ஒரு தரம் குடித்தவர்கள் இந்தப் பெயரின் பொருத்தத்தைப் புரிந்து கொள்வார்கள்!

மூன்றாம் நாள் ஜுரம்

அன்று இரவு, அதாவது நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் இரவு, பையன் சாப்பிடாமல் படுத்துக் கொண்டான். பத்து மணிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. வைத்துப் பார்த்தால் 103 டிகிரி.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அஞ்சறைப் பெட்டி மேஜை மேல் இருந்தது. ஆனால் அம்மா அதைத் தொடவில்லை. பேரனின் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், "எங்கே ராஜா வலிக்குது?" என்று கேட்டாள். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது, கை கால் எல்லாம் வலிக்கிறது என்றான்.

அடுத்த அறையில் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் தங்கியிருந்தார். நல்ல மனிதர். சத்தம் கேட்டு எழுந்து வந்து, தம்மிடமிருந்த ஒரு வலி மாத்திரையை நீட்டினார். "இதில பாதி போட்டு உடுங்க. காலையில பையன் எந்திரிச்சு ஓடுவானுங்க" என்றார்.

"வேண்டாம் தம்பி. உங்க மனசுக்கு நன்றி" என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள்.

"சளி இல்லை, இருமல் இல்லை, தொண்டை வலி இல்லை. வயித்திலும் கோளாறு இல்லை. காரணம் தெரியாத ஜுரம் தம்பி இது. என் கைக்கு அடங்காது. இப்பவே டாக்டர்கிட்டே போயிடுவோம்" என்றாள்.

மனைவி பையனுக்கு வயதும் எடையும் பார்த்துப் பாராசிட்டமால் மருந்து மட்டும் கொடுத்தாள். இரவிலும் திறந்திருக்கிற ஒரு டாக்டர் வீட்டுக்கு டாக்ஸியில் போனோம்.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. அங்கிருந்த நர்ஸ் தமிழ்ப் பெண். ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு அப்போதே தெரிந்துவிட்டது. டெங்கு ஜுரம்.

என் மனைவிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "சிங்கப்பூருக்கு வந்தா இது வந்து சேரணும்!" என்று அவள் சொன்னதை நர்ஸ் மொழிபெயர்த்தாள். டாக்டர் புன்னகை செய்தாள். டெங்கு கொசு கடித்த பிறகு ஜுரம் தலை காட்டச் சாதாரணமாக நாலு நாள் முதல் பத்து நாள் வரையில் ஆகும். நாங்கள் வந்தே மூன்று நாள்தான். ஆகவே கடித்த கொசு சென்னைக் கொசுவாகத்தான் இருக்க வேண்டும் என்றாள்! அதோடு விடவில்லை. "பையன் உடம்பில் கொசு விரட்டி மருந்து பூசுங்கள். எங்கள் ஊர்க் கொசு இவனைக் கடித்து இன்னொருவருக்குக் கொண்டு போகக் கூடாது" என்று சொன்னாள்.

அவள் சொன்ன மற்ற விஷயங்கள் எல்லாத் தாய்மார்களும் தெரிந்து கொள்ள வேண்டியவை. டெங்குவைத் தீர்க்கத் தனி மருந்து கிடையாது. நீர் ஆகாரமும் ஓய்வுமே சிகிச்சை. ஜுரத்துக்குப் பாராசிட்டமால் மட்டும், அளவோடு. ஆஸ்பிரின், ஐபுப்ரோபென் போன்ற வலி மாத்திரைகள் கூடவே கூடாது. அவை ரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும். கோயமுத்தூர்க்காரர் அன்போடு நீட்டியது அந்த ஜாதி மாத்திரைதான் என்று பிறகு தெரிந்தது.

இன்னொன்று முக்கியம். ஜுரம் விட்டுவிட்டது என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. ஜுரம் தணிகிற சமயத்தை அடுத்த ஒன்றிரண்டு நாட்களில்தான் ஆபத்து வருவதானால் வரும். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மூத்திரம் குறைவது, பிள்ளை சோர்ந்து துவண்டு போவது, இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

அம்மா நர்ஸிடம் கேட்டாள்: "நிலவேம்புக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு கொடுக்கிறாங்களே எங்க ஊரிலே?"

டாக்டர் கேலி செய்யவில்லை. அவற்றைப் பற்றி ஆராய்ச்சிகள் நடந்து வருகின்றன. ஆனால், தினமும் ரத்தம் பார்ப்பதற்கும் தண்ணீர் கொடுப்பதற்கும் அவை பதிலாக முடியாது என்றாள். பிறகு, "பாட்டியம்மாவால் செய்யக் கூடிய பெரிய வேலை ஒன்று இருக்கிறது. இவனை நாள் முழுவதும் ஏதாவது குடிக்க வைக்க வேண்டும்" என்றாள்.

அம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையற்கட்டில் சிநேகம் பிடித்து விட்டாள். காலையில் உப்புப் போட்ட நொய்க் கஞ்சி. பத்து மணிக்கு இளநீர். மத்தியானம் சீரகத் தண்ணீர், மோர். சாயங்காலம் பார்லித் தண்ணீர். இடையிடையே டாக்டர் கொடுத்த உப்புச் சர்க்கரைப் பொடி கரைத்த நீர். அரை மணிக்கொரு தரம் ஒரு வாய். 'குடிக்க மாட்டேன்' என்று அவன் அடம் பிடித்தால் ஒரு கதை. ஒரு கதைக்கு நாலு வாய். எங்கள் குடும்பத்துச் செய்யுட்கள், பழைய கதைகள், பக்கத்து வீட்டு வம்பு எல்லாம் அந்த நாட்களில் செலவாகிவிட்டன.

ஐந்து நாட்கள் அப்படிப் போயின. தினமும் காலையில் ரத்தப் பரிசோதனை. ஆறாம் நாள் கணக்கு ஏறுமுகமாயிற்று. "இனிமேல் பயமில்லை" என்று டாக்டர் சொன்னாள். ஊருக்கு விமானம் ஏறலாமென்றும் எழுதிக் கொடுத்தாள்.

உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர் என்றதும் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். 1971-ல் வங்காள தேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்து போக, திலீப் மகலாநபிஸ் என்ற வங்காள டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய் பீப்பாயாகக் குடிக்கக் கொடுத்தே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். பேதியானால் வீட்டிலேயே தயாரிக்கலாம்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது. முக்கியமாக உப்பு கூடக் கூடாது.

மாரியம்மனும் சீன மருந்துக் கடையும்

மீதியிருந்த ஒன்றரை நாளில் பையனை அதிகம் அலைய விடாமல் டாக்ஸியிலேயே சுற்றினோம். அம்மா பிரார்த்தனை செய்து கொண்டிருந்ததால் முதலில் மாரியம்மன் கோவில். சவுத் பிரிட்ஜ் ரோட்டில், சீனர்கள் வாழ்கிற வட்டாரத்தின் மத்தியில் இருக்கிறது. 1819-ல் ராபிள்ஸ் துரையோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-ல் ஏற்படுத்திய கோவில் அது. மருந்தும் டாக்டரும் இல்லாத காலத்தில், கடல் கடந்து வந்தவர்கள் நோய் தீர்க்கும் தெய்வத்துக்கு முதலில் கோவில் கட்டியதில் ஆச்சரியம் இல்லை.

அதே ரோட்டிலேயே 1910-ல் ஏற்பட்ட யூ யான் சாங் என்ற சீன மருந்துக் கடை இருக்கிறது. இதன் தாய்க்கடை 1879-ல் மலாயாவின் கோப்பெங் என்ற ஈயச் சுரங்க ஊரில் தோன்றியது. சுவர் நிறைய மர இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் வேர், பட்டை, பூ, காய். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையைச் சீனப் பட்டுத் துணியில் போர்த்தியது போல் இருக்கும்.

பாட்டி வைத்தியம் எப்படி விஞ்ஞானமாகிறது என்பதற்கு ஒரு சீனப் பெண்மணியைச் சொல்லலாம். து யூயூ என்பவர் பழைய மருத்துவ ஏடுகளைப் புரட்டி, ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நூலில் கண்ட குறிப்பைப் பின்பற்றி, ஒரு வகை மாசிப்பத்திரிச் செடியிலிருந்து மலேரியாவுக்கு மருந்து கண்டார். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏட்டில் இருக்கிறது என்பதற்காக அவர் அப்படியே நம்பிவிடவில்லை. பிரித்தெடுத்து, சோதித்து, அளவு கண்டார்.

இதே பகுதியில் 1867-ல் தோன்றிய தோங் சாய் மருத்துவ நிலையத்தையும் சொல்ல வேண்டும். ஏழைகளுக்கு இன, மத பேதம் பார்க்காமல் இலவசமாகச் சீன வைத்தியம் செய்த நிலையம். 1892-ல் எழுந்த அதன் பழைய கட்டடம் இன்று நாட்டின் நினைவுச் சின்னம். நிலையம் வேறிடத்தில் தொண்டைத் தொடர்கிறது.

தலைவலி கட்டிய மாளிகை

கடைசி நாள் பிள்ளைகள் விருப்பப்படி ஹா பார் வில்லாவுக்குப் போனோம். தலைவலித் தைலம் விற்ற பணத்தில் எழுந்த தோட்டம் இது! சீன வைத்தியர் ஒருவர் ரங்கூனில் 1870-களில் மருந்துக் கடை வைத்தார். அவருடைய பிள்ளைகள் பூன் ஹா, பூன் பார். 'ஹா' என்றால் புலி. 'பார்' என்றால் சிறுத்தை. அவர்கள் பரப்பியதுதான் புலிப் படம் போட்ட டைகர் பாம். 1937-ல் தம்பிக்காக அண்ணன் கட்டிய இந்த இடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொம்மைகள். பாவம் செய்தவர்களுக்கு நரகத்தில் கிடைக்கும் தண்டனைகளைக் கூடத் தத்ரூபமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த என் மகன் அன்று முழுவதும் பொய் சொல்லவில்லை.

புலித் தைலக்காரருக்கும் நம் அமிர்தாஞ்சன் காசிநாதுனி நாகேசுவர ராவுக்கும் ஓர் ஒற்றுமை. நாகேசுவர ராவ் 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கி, 1908-ல் 'ஆந்திர பத்திரிகா'வை ஆரம்பித்தார். பூன் ஹாவும் 1929-ல் சிங்கப்பூரில் ஒரு சீன மொழித் தினசரியைத் தொடங்கினார். தலைவலித் தைலம் விற்றவர்கள் இருவருமே பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள்! காரணம் என்னவென்று பத்திரிகாசிரியர்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

ஊர் திரும்புகிறவர்கள் எல்லோரும் வாங்குகிற கோடாலித் தைலமும் 1928 முதல் சிங்கப்பூரில் தயாராகிறதுதான். இந்தத் தைலங்களில் கற்பூரம், மென்தால் முதலியவை இருக்கின்றன. பெரியவர்களின் தலைவலிக்கும் தசைப் பிடிப்புக்கும் இதமானவை. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம். யாருடைய மூக்கினுள்ளும் பூசக் கூடாது. பிள்ளைகள் விழுங்கிவிட்டால் விஷம். ஆகவே பரண் மேலே இருக்கட்டும்.

பெட்டியில் என்ன வைக்கலாம்?

அடுத்த விடுமுறைக்குப் புறப்படுகிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சில வார்த்தைகள்.

குமட்டலுக்கு இஞ்சி மரப்பா. தொண்டைக் கரகரப்புக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பு. இருமலுக்கு அதிமதுரம், பனங்கற்கண்டு. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தேன். ஒரு வயதுக்குள் தேனைத் தொட்டும் வைக்கக் கூடாது. வயிற்று உப்புசத்துக்கு ஓமம். பல் வலிக்கு, டாக்டரைப் பார்க்கிற வரையில் லவங்கம். பேதிக்கு உப்புச் சர்க்கரை நீர்ப் பொட்டலங்கள். கைக்குழந்தைக்கு வசம்பும் ஜாதிக்காயும் உரைத்துக் கொடுக்கிற பழக்கத்தைக் குழந்தை வைத்தியர்கள் இப்போது வேண்டாம் என்கிறார்கள். ஆவி பிடிக்கக் கொதிக்கிற பாத்திரத்தின் முன் சிறு பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம். வெந்நீர் கொட்டி வெந்து போகிற விபத்துகள் அநேகம்.

ஜுரமானி ஒன்று கட்டாயம். கொசு விரட்டி மருந்து கட்டாயம். டெங்கு கொசு பகலில் கடிப்பது. பிரயாண மருத்துவ இன்ஷூரன்ஸ் மிக மிகக் கட்டாயம். சிங்கப்பூரில் அயல் நாட்டாருக்கு வைத்தியச் செலவு அதிகம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான சரக்கு ஒன்று உண்டு. அது எந்தக் கடையிலும் விற்பதில்லை. எந்த நோய்க்கு அஞ்சறைப் பெட்டியைத் திறப்பது, எந்த நோய்க்கு அதை மூடிவிட்டு டாக்டரிடம் ஓடுவது என்கிற விவேகம் அது. அது உள்ள பாட்டி ஒருத்தி கூட வருவாளானால், உலகத்தில் எந்த மூலைக்கும் குழந்தை குட்டிகளோடு தைரியமாகப் போய் வரலாம்.